கோப்பு எதுவும் இல்லாமல் நடந்த பவர்ஷெல் தாக்குதல்: ஊடுருவல் சோதனை அறிக்கையை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி

வணக்கம். ஒரு நடுத்தர நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளையும் சர்வர்களையும் பராமரிக்கும் சிறு குழுவில் பணியாற்றுகிறேன். பாதுகாப்புக்கென்று தனி ஆள் எங்களிடம் இல்லை. அந்த வேலையும் எங்கள் தலையில்தான் இருக்கிறது. அண்மையில் வெளியிலிருந்து ஒரு குழுவை ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்தி ஊடுருவல் சோதனை (தாக்குபவரைப் போலவே உள்ளே நுழைந்து பார்க்கும் சோதனை) செய்தோம். அவர்கள் தந்த அறிக்கையில் ஒரு பகுதி எங்களைக் குழப்பத்தில் ஆழ்த்தியிருக்கிறது.

கணக்குப் பிரிவில் உள்ள ஒரு கணினியில் வேர்டு ஆவணத்தின் மேக்ரோ (ஆவணத்துக்குள் பதிந்த சிறு நிரல்) வழியாகப் பவர்ஷெல் (விண்டோஸுடன் வரும் கட்டளை, ஸ்கிரிப்ட் கருவி) இயக்கப்பட்டது என்றும், அது வெளி சர்வர் ஒன்றிலிருந்து ஸ்கிரிப்டை நேராக நினைவகத்துக்குள் இறக்கி இயக்கியது என்றும், வட்டில் எந்தக் கோப்பும் எழுதப்படவில்லை என்றும், மறுதொடக்கத்துக்குப் பிறகும் நீடிப்பதற்காக டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் மேலாண்மை அமைப்பு) பயன்படுத்தப்பட்டது என்றும், இவ்வளவு நடந்தும் ஆன்டிவைரஸ் ஒரு எச்சரிக்கை கூடத் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து அரைப் பக்கம்தான். நேரம், கட்டளைகள், சான்றுகள் எதுவும் இணைக்கப்படவில்லை.

இதைப் படித்த மேலாளர், "அப்படியானால் ஆன்டிவைரஸுக்குக் கட்டும் பணம் வீண்தானே, வேறொன்றுக்கு மாறிவிடலாமா?" என்று கேட்கிறார். பவர்ஷெல்லை எல்லாக் கணினிகளிலும் முடக்கிவிடலாம் என்று சக ஊழியர் ஒருவர் சொல்கிறார். ஆனால் எங்கள் அன்றாடப் பராமரிப்பில் பாதி பவர்ஷெல் ஸ்கிரிப்டுகளால்தான் நடக்கிறது. குறிப்பிட்ட அந்தக் கணினி சோதனைக்குப் பிறகு பலமுறை மறுதொடக்கம் செய்யப்பட்டுவிட்டது. இனி அதில் தடயம் ஏதும் கிடைக்குமா? சோதனைக் குழுவிடம் இன்னும் என்னென்ன கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் பதில் (கண்காணிப்புப் பணியில் இருப்பவர்)

ஆன்டிவைரஸை மாற்றும் முடிவைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அது ஏன் பேசாமல் இருந்தது என்பதற்குக் குறைந்தது மூன்று விதமான காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றில் இரண்டை நீங்கள் செலவில்லாமல் இன்றே சரிபார்க்கலாம்.

முதலில், இது புதிய வித்தை அல்ல. 2001 ஜூலையில் பரவிய கோட் ரெட் புழு ஐஐஎஸ் என்ற மைக்ரோசாஃப்ட் வலைச் சர்வரின் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. 2003 ஜனவரியில் பரவிய எஸ்கியூஎல் ஸ்லாமர் மொத்தமே 376 பைட்டுகள். ஒரே ஒரு யுடிபி பொட்டலத்தில் வந்து நினைவகத்தில் இயங்கி அங்கிருந்தே அடுத்த கணினிக்குத் தாவியது. இரண்டுமே மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும். ஓட்டையை அடைக்காவிட்டால் மீண்டும் தொற்றிக்கொள்ளும். 2014இல் வெளிப்பட்ட பவலிக்ஸ் என்ற தீநிரல் அந்தக் குறையை நீக்கிக்கொண்டது. அது தன் ஸ்கிரிப்டை, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ரன்டிஎல்எல்32 என்ற விண்டோஸின் சொந்த நிரல் வழியாக எழுந்துகொண்டது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கண்ணில் படாமல் இருப்பதற்காகத் தன் மதிப்பின் பெயரில் அச்சிட முடியாத எழுத்து ஒன்றையும் வைத்திருந்தது.

உங்கள் அறிக்கையில் உள்ளதற்கு மிக நெருக்கமான உண்மை நிகழ்வு 2017 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி வெளியிட்டது. ஒரு வங்கியின் பாதுகாப்புக் குழு தன் டொமைன் கண்ட்ரோலரின் (கணக்குகளை நிர்வகிக்கும் மைய சர்வர்) நினைவகத்தில் மீட்டர்பிரெட்டர் என்ற தொலை இயக்கக் கருவியின் குறிநிரலைக் கண்டது. பின்தொடர்ந்து பார்த்தபோது ரெஜிஸ்ட்ரியில் பவர்ஷெல் ஸ்கிரிப்டுகள் இருந்தன. தாக்கியவர்கள் விண்டோஸிலேயே இருக்கும் எஸ்சி, நெட்எஸ்எச் ஆகிய கருவிகளைக் கொண்டு வேலையை முடித்திருந்தார்கள். அதே வகைத் தடயம் 40 நாடுகளில் 140க்கும் மேற்பட்ட நிறுவன வலையமைப்புகளில் கிடைத்ததாக அந்த அறிக்கை கூறியது. அங்கே பயன்பட்ட மீட்டர்பிரெட்டர், ஊடுருவல் சோதனையாளர்கள் நாள்தோறும் கையாளும் திறமூலக் கருவி என்பதையும் கவனியுங்கள்.

இனி உங்கள் ஆன்டிவைரஸுக்கு வருவோம். வட்டில் கோப்பு எழுதப்படும்போது அதைத் திறந்து ஆராய்வது அதன் பழைய வேலை. ஸ்கிரிப்ட் வட்டைத் தொடாவிட்டால் அந்த வாசலில் அதற்கு எதுவும் கிடைக்காது. இந்தக் குறையை நீக்குவதற்காகவே விண்டோஸ் 10 உடன் 2015இல் ஆம்சி என்ற இடைமுகத்தை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பவர்ஷெல் 5, விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் ஓடும் விபிஸ்கிரிப்ட், ஜேஸ்கிரிப்ட் ஆகியவையும், 2018 முதல் ஆபிஸ் மேக்ரோக்களும் தாம் இயக்கப் போகும் உள்ளடக்கத்தை, இயக்குவதற்குச் சற்று முன்பு ஆம்சி வழியாக ஆன்டிவைரஸிடம் கொடுக்கின்றன. ஸ்கிரிப்டை எத்தனை அடுக்கு மறைப்புக்குள் பொதிந்திருந்தாலும் ஒவ்வோர் அடுக்காகப் பிரிந்து இயங்கியாக வேண்டும். பிரிந்த உள்ளடக்கம் ஆம்சியின் முன்னால் வந்தாக வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஆன்டிவைரஸ் ஆம்சியில் தன்னைப் பதிவுசெய்துகொண்டிருக்கிறதா, அந்த அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்பதுதான். எல்லாத் தயாரிப்புகளும் இதைச் செய்வதில்லை. செய்பவற்றிலும் யாரோ ஒருவர் "கணினி மெதுவாகிறது" என்று அணைத்துவைத்திருக்கலாம்.

இரண்டாவதாகப் பவர்ஷெல் 2.0 இன்னும் அந்தக் கணினிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பழைய எஞ்சினுக்கு ஆம்சியும் தெரியாது, ஸ்கிரிப்ட் பிளாக் பதிவும் (இயங்கும் ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்தைப் பதியும் வசதி) தெரியாது. அதற்குத் தேவையான டாட்நெட் 3.5 (மைக்ரோசாஃப்டின் நிரல் இயக்கத் தளம்) நிறுவப்பட்டிருந்தால், தாக்குபவர் 2.0 பதிப்பைக் கேட்டு வாங்கிப் புதிய பாதுகாப்புகள் அனைத்தையும் ஓரங்கட்டிவிடலாம். மைக்ரோசாஃப்ட் அதை 2017இலேயே கைவிடப்பட்டதாக அறிவித்து, 2025இல்தான் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கத் தொடங்கியது. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் அதை நீங்களே அணைத்துவிடலாம். யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று அறிய, "விண்டோஸ் பவர்ஷெல்" என்ற பழைய நிகழ்வுப் பதிவில் 400 என்ற எண்ணுள்ள நிகழ்வுகளில் எஞ்சின் பதிப்பு 2.0 என்று வந்திருக்கிறதா எனத் தேடுங்கள்.

மூன்றாவது காரணம், சோதனையாளர்கள் ஆம்சியையே செயலிழக்கச் செய்திருப்பது. ஆம்சியின் டிஎல்எல் (நிரல் நூலகக் கோப்பு) பவர்ஷெல்லின் அதே புராசஸுக்குள்தான் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) ஏற்றப்படுகிறது. அந்தப் புராசஸுக்குள் குறிநிரல் இயக்கக்கூடியவர் அதன் நினைவகத்தையும் திருத்தலாம். பாதுகாப்பு ஆய்வாளர் மேட் கிரேபர் 2016இல் ஒரு ட்வீட்டுக்குள் அடங்கும் ஒற்றை வரியால் இதைச் செய்து காட்டினார். அந்த வரியை இன்று எல்லா ஆன்டிவைரஸ்களும் அறியும். ஆனால் அதன் வழித்தோன்றல்கள் ஓயவில்லை. இந்தக் காரணமாக இருந்தால் தயாரிப்பை மாற்றுவதால் மட்டும் பெரிய பயன் இராது.

பதிவுகளைப் பொறுத்தவரை, குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் மையமாக அமைப்புகளை விதிக்கும் வசதி) ஸ்கிரிப்ட் பிளாக் பதிவை இயக்குங்கள். 4104 என்ற நிகழ்வில் ஸ்கிரிப்டின் உள்ளடக்கம் மறைநீங்கிய வடிவில் விழும். நீளமானதாக இருந்தால் பல துண்டுகளாக, ஒரே அடையாள எண்ணுடன் வரும். புதிய புராசஸ் தொடங்குவதைக் குறிக்கும் 4688 நிகழ்வில் கட்டளை வரியையும் சேர்த்துப் பதியச் செய்யுங்கள். பவர்ஷெல் செயல்பாட்டுப் பதிவின் இயல்பான அளவு 15 மெகாபைட்தான். பரபரப்பான சர்வரில் அது விரைவில் நிரம்பிப் பழையவை அழிந்துவிடும். அளவைக் கூட்டுவதோடு, நிகழ்வுகளை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இரண்டாம் பதில் (ஊடுருவல் சோதனை செய்பவர்)

மேலே சொன்னவற்றுடன் எனக்கு உடன்பாடுதான். ஆனால் உங்கள் அறிக்கையில் இதைவிடப் பெரிய செய்தி ஒன்று சொல்லப்படாமல் கிடக்கிறது. நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

டபிள்யூஎம்ஐ மூலம் நிரந்தரமாக நீடித்தார்கள் என்றால், ரூட் சப்ஸ்கிரிப்ஷன் பெயர்வெளியில் மூன்று பொருட்களை உருவாக்கியிருக்க வேண்டும்: எந்த நிகழ்வு நடந்தால் என்று சொல்லும் வடிகட்டி, நடந்தால் எதை இயக்குவது என்று சொல்லும் நுகர்வி, இரண்டையும் பிணைக்கும் இணைப்பு. இந்த மூன்றும் சேர்ந்ததே சந்தா. இவற்றை உருவாக்க அந்தக் கணினியில் நிர்வாகி உரிமை வேண்டும். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் வேர்டு ஆவணத்தைத் திறந்ததில் தொடங்கிய சங்கிலி நிர்வாகி உரிமையில் போய் முடிந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? அந்த ஊழியரின் கணக்கே நிர்வாகிக் கணக்காக இருந்ததா, உரிமையை உயர்த்தும் ஓட்டை ஏதாவது பயன்பட்டதா, அல்லது வேறு கணினியில் கிடைத்த கடவுச்சொல்லா? அரைப் பக்க அறிக்கை இதைத் தாண்டிப் போகிறது. மேலாளரிடம் நீங்கள் முதலில் எடுத்துச் செல்ல வேண்டிய கேள்வி இதுதான். ஆன்டிவைரஸ் அதற்குப் பின்னால் வரட்டும்.

அடுத்து, அந்த மேக்ரோ எப்படி இயங்கியது என்றும் கேளுங்கள். இணையத்திலிருந்து வந்ததாகக் குறியிடப்பட்ட ஆவணங்களின் மேக்ரோக்களை ஆபிஸ் 2022 முதல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கிவிட்டது. உங்களிடம் பழைய ஆபிஸ் இருக்கிறதா, பாலிசியில் யாராவது விலக்கு கொடுத்திருக்கிறார்களா, ஆவணம் உள் பகிர்வுக் கோப்புறையிலிருந்து திறக்கப்பட்டதா, அல்லது ஊழியர் ஏமாந்ததாக வைத்துக்கொண்டு சோதனையாளர்களே மேக்ரோவை அனுமதித்துத் தொடங்கினார்களா? கடைசியாகச் சொன்னது முறையான சோதனை வழிதான், நேரம் மிச்சமாகும். ஆனால் அதை அறிக்கையில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் படிப்பவர் இல்லாத ஒரு ஓட்டையை இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நினைவகத்தில் மட்டும் இயங்கும் கருவிகளை நாங்கள் விரும்புவதற்கு மறைந்திருப்பது ஒரு காரணம் மட்டுமே. வாடிக்கையாளரின் கணினியில் குப்பை மிஞ்சாது என்பது இன்னொரு காரணம்; இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தால் எங்கள் கருவி இல்லாமல் போய்விடும். டபிள்யூஎம்ஐ சந்தா அப்படி அல்ல. அது டபிள்யூஎம்ஐ களஞ்சியத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் போன பிறகும் இயங்கும். ஆகவே துப்புரவுப் பட்டியல் ஒன்றைக் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கணினியில், எந்தப் பெயரில், எதை உருவாக்கினோம், எப்போது நீக்கினோம் என்று. துப்புரவுப் பட்டியல் இல்லாத அறிக்கையை நான் முடிந்த வேலையாக ஏற்பதில்லை.

அதோடு, ஒவ்வொரு செயலுக்கும் நொடிக் கணக்கில் நேரம், மூலக் கணினி, இலக்குக் கணினி, பயன்படுத்திய கணக்கு, மைட்டர் அட்டாக் எண் (தாக்குதல் உத்திகளின் பொதுப் பட்டியலில் உள்ள எண்) ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பவர்ஷெல் என்றால் டி1059.001, டபிள்யூஎம்ஐ நிகழ்வுச் சந்தா என்றால் டி1546.003. நேரம் தெரிந்தால்தான் உங்கள் பதிவுகளோடு ஒப்பிட்டு "இதை நாங்கள் பார்த்திருக்க முடியும், பார்க்கவில்லை" என்பதற்கும் "இதைப் பார்க்கும் வசதியே எங்களிடம் இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியலாம். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. ஆம்சியைச் செயலிழக்கச் செய்தார்களா என்பதற்கும் நேரடியான பதிலைக் கேளுங்கள். முறையைச் சொல்ல மறுத்தாலும், ஆம் அல்லது இல்லை என்று சொல்ல எந்தக் குழுவுக்கும் தடை இருக்க முடியாது.

தடுப்பைப் பொறுத்தவரை மேலே பதில் எழுதியவரிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். அவர் பதிவுகளில் தொடங்குகிறார். நான், நீங்கள் விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரை முதன்மை ஆன்டிவைரஸாகப் பயன்படுத்துபவர் என்றால், தாக்குபரப்பைக் குறைக்கும் விதிகளில் தொடங்குவேன். ஆபிஸ் நிரல்கள் வேறு புராசஸைத் தொடங்கக் கூடாது என்ற ஒரே விதி, நீங்கள் விவரித்த சங்கிலியை இரண்டாம் கண்ணியிலேயே அறுத்திருக்கக்கூடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மேக்ரோ டபிள்யூஎம்ஐயிடம் கேட்டுப் பவர்ஷெல்லைத் தொடங்கினால், தாய்ப் புராசஸ் வேர்டாக இராது, டபிள்யூஎம்ஐ பிரவைடர் ஹோஸ்டாக இருக்கும். அதற்கு வேறொரு விதி இருக்கிறது. பிஎஸ்எக்ஸெக் (தொலைக் கணினியில் நிரலை இயக்கும் கருவி), டபிள்யூஎம்ஐ வழி வரும் புராசஸ்களை அது தடுக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டின் கணினி மேலாண்மைக் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரைப் பயன்படுத்துபவர்கள் அதை இயக்கினால் அவர்களுடைய சொந்தப் பராமரிப்பே நின்றுவிடும். எல்லா விதிகளையும் முதலில் தணிக்கை நிலையில் வைத்து, எவை எவை முட்டுகின்றன என்று சில வாரங்கள் பார்த்துவிட்டு அமல்படுத்துங்கள். வேறு ஆன்டிவைரஸ் முதன்மையாக இருந்தால் இந்த விதிகள் வேலை செய்யா. அந்தத் தயாரிப்பில் இதற்கு ஈடானது என்ன என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

மூன்றாம் பதில் (தடயவியல் பணியில் இருப்பவர்)

மறுதொடக்கம் செய்யப்பட்ட கணினியில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நினைவகத்தில் இயங்கிய ஸ்கிரிப்ட் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. அதைச் சுற்றி நடந்தவை பெரும்பாலும் வட்டில் தழும்பாக நிற்கும்.

சங்கிலியின் தொடக்கத்தில் ஒரு வேர்டு ஆவணம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். கோப்பே எழுதப்படவில்லை என்ற அறிக்கையின் கூற்று, ஆவணம் வந்து சேர்ந்த பிறகான கட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். மைக்ரோசாஃப்ட் இத்தகைய தாக்குதல்களை, வட்டை அறவே தொடாதவை, மறைமுகமாகத் தொடுபவை, இயங்குவதற்குக் கோப்பு தேவைப்பட்டும் அதில் நேரடியாகக் குடியிராதவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. டபிள்யூஎம்ஐ களஞ்சியத்தில் ஸ்கிரிப்டை வைப்பது இரண்டாம் வகை. களஞ்சியமே வட்டில் உள்ள ஒரு கோப்புதான், ஆனால் அதைத் தனியே அழிக்கவோ தூக்கிப் போடவோ முடியாது. நடைமுறையில் நான் காண்பவற்றில் முதல் வகை அரிது.

ஆகவே தேட வேண்டிய இடங்கள் இவை. மின்னஞ்சலின் இணைப்புக் கோப்புறையிலும் பதிவிறக்கக் கோப்புறையிலும் ஆவணத்தைத் தேடுங்கள். அந்தப் பயனரின் ரெஜிஸ்ட்ரியில், ஆபிஸின் நம்பகமான ஆவணங்கள் பகுதியில், அவர் எந்த ஆவணத்துக்குத் திருத்த அனுமதியோ மேக்ரோ அனுமதியோ கொடுத்தார் என்பது நேரத்துடன் பதிவாகியிருக்கும். பவர்ஷெல் செயல்பாட்டுப் பதிவில் 4104 நிகழ்வுகளைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் பிளாக் பதிவை நீங்கள் இயக்காவிட்டாலும், பவர்ஷெல் 5 தனக்குச் சந்தேகமாகத் தோன்றும் துண்டுகளை எச்சரிக்கை நிலையில் தானாகவே பதிந்துவைக்கும். இது பலருக்குத் தெரியாது. ஒன்றும் இயக்கவில்லையே என்று அந்தப் பதிவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. டபிள்யூஎம்ஐ செயல்பாட்டுப் பதிவில் 5861 என்ற நிகழ்வு, நிரந்தரச் சந்தா ஒன்று பதிவானதை அதன் உள்ளடக்கத்தோடு காட்டும். சிஸ்மான் என்ற மைக்ரோசாஃப்டின் கண்காணிப்புக் கருவியை நிறுவியிருந்தால் 19, 20, 21 ஆகிய எண்கள் முறையே வடிகட்டி, நுகர்வி, இணைப்பு ஆகியவற்றுக்கு உரியவை. பவர்ஷெல் கட்டளை வரலாற்றுக் கோப்பைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். அது விசைப்பலகையில் தட்டப்பட்டவற்றை மட்டுமே வைத்திருக்கும், மேக்ரோ தொடங்கிய கட்டளை அதில் இராது. கடைசியாக ப்ராக்சி, டிஎன்எஸ் பதிவுகள். வெளி சர்வருடன் பேசாமல் ஸ்கிரிப்ட் உள்ளே வந்திருக்க முடியாது. டிஎன்எஸ் பதிவை வெறும் பெயர்த் தேடல் என்று ஒதுக்க வேண்டாம். 2017இல் சிஸ்கோ டாலோஸ் விவரித்த டிஎன்எஸ்மெசஞ்சர் என்ற தாக்குதலில் பவர்ஷெல் கட்டளைகளே டிஎன்எஸ்ஸின் டெக்ஸ்ட் பதிவுகளாகத்தான் போய் வந்தன.

அடுத்த முறை இப்படி ஒன்றைச் சந்தேகித்தால் கணினியை அணைக்காதீர்கள். வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு, வின்பிமெம் போன்ற கருவியால் நினைவகத்தை முழுதாகப் படியெடுங்கள். மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் நினைவகத்துடன் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதும். பிறகு வோலட்டிலிட்டி என்ற நினைவக ஆய்வுக் கருவியில் ஆராயலாம். ஆனால் அதன் மால்ஃபைண்ட் என்ற பகுதி காட்டுவதையெல்லாம் தீநிரல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பவர்ஷெல் டாட்நெட்டின் மேல் ஓடுவது. டாட்நெட் இயங்கும்போதே இயந்திரக் குறிநிரலை நினைவகத்தில் உருவாக்கிக்கொள்வதால், எழுதவும் இயக்கவும் கூடிய பகுதிகள் எந்தத் தவறும் இல்லாத பவர்ஷெல் புராசஸிலும் தென்படும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். அந்தக் கணினியில் பவர்ஷெல் 2.0 இயக்கத்தில்தான் இருந்தது, டாட்நெட் 3.5உம் இருந்தது. 4104 எச்சரிக்கைகள் சில கிடைத்தன. அவற்றின் நேரம் சோதனை நடந்த வாரத்தோடு ஒத்துப்போகிறது. அந்த ஊழியரின் கணக்கு உள்ளூர் நிர்வாகிகள் குழுவில் இருந்தது. எப்போதோ ஒரு கணக்கியல் மென்பொருளுக்காகச் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டு ஐயங்கள். டபிள்யூஎம்ஐ சந்தாக்களைப் பட்டியலிட்டபோது "எஸ்சிஎம் ஈவென்ட் லாக் கன்சூமர்" என்ற ஒன்று அந்தக் கணினியில் இருக்கிறது. வேறு கணினிகளில் பார்த்தால் அங்கும் இருக்கிறது. சோதனையாளர்கள் எல்லா இடங்களிலும் வைத்துவிட்டுப் போய்விட்டார்களா? மற்றொன்று, பவர்ஷெல்லை முடக்கும் யோசனை. அதைக் குறித்து யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

மூன்றாம் பதில் எழுதியவர்

எஸ்சிஎம் ஈவென்ட் லாக் கன்சூமர் விண்டோஸுடனேயே வருவது. சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜரின் நிகழ்வுகளைப் பதிவில் எழுதுவது அதன் வேலை. அதை நீக்க வேண்டாம். நுகர்வியின் வகையைப் பாருங்கள்: அது நிகழ்வுப் பதிவில் எழுதும் வகையைச் சேர்ந்தது. உங்களுக்கு அச்சம் தர வேண்டியவை கட்டளை வரியை இயக்கும் வகையும், ஸ்கிரிப்டை இயக்கும் வகையும்தான். ஆனால் பெயரை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். அதே பெயரைப் போலியாகச் சூட்டிக்கொள்வது எளிது. சுத்தமாக நிறுவிய கணினி ஒன்றில் உள்ளதோடு வடிகட்டியின் வினவலையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கணினி உற்பத்தியாளர்களின் பராமரிப்பு மென்பொருள்கள் சிலவும் இங்கே சந்தா வைப்பதுண்டு என்பதால், ஒப்பிடுவதற்கு உங்கள் நிறுவனத்தின் அதே மாடல் கணினியை எடுத்துக்கொள்வது நல்லது.

நான்காம் பதில் (விண்டோஸ் நிர்வாகி)

பவர்ஷெல்லை முடக்குவது பற்றி எழுதுகிறேன். பவர்ஷெல் என்ற இயக்கக் கோப்பைத் தடுப்பதும் பவர்ஷெல்லைத் தடுப்பதும் ஒன்றல்ல. உண்மையான எஞ்சின் சிஸ்டம் மேனேஜ்மென்ட் ஆட்டோமேஷன் என்ற டாட்நெட் நூலகத்தில் இருக்கிறது. அதை எந்த நிரலும் தன் புராசஸுக்குள் ஏற்றிக்கொண்டு ஸ்கிரிப்டை இயக்கலாம். பல ஆண்டுகளாகவே இதற்கான கருவிகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. நீங்கள் இயக்கக் கோப்பைத் தடுத்தால் உங்கள் குழுவின் வேலை நிற்கும். தாக்குபவரின் வேலை நிற்காது. எக்ஸிகியூஷன் பாலிசியைக் கடுமையாக்குவதும் அப்படித்தான். அது தவறுதலாக ஸ்கிரிப்ட் ஓடிவிடாமல் இருக்க வைத்த தாழ்ப்பாள். பூட்டு என்று மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் சொன்னதில்லை.

பவர்ஷெல்லைப் பூட்டினாலும் மற்ற வழிகள் திறந்தே கிடக்கும். 2019இல் மைக்ரோசாஃப்ட் விவரித்த அஸ்டரோத் தாக்குதலில் டபிள்யூஎம்ஐசி, பிட்ஸ்அட்மின், செர்ட்யூட்டில், ரெக்எஸ்விஆர்32 என்று விண்டோஸின் சொந்தக் கருவிகளே வரிசையாகப் பயன்பட்டன. அவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய பவர்ஷெல் ஆம்சி, ஸ்கிரிப்ட் பிளாக் பதிவு ஆகிய இரண்டோடும் வருவதால், விண்டோஸில் உள்ள ஸ்கிரிப்ட் எஞ்சின்களிலேயே அதிகம் கண்காணிக்கக்கூடியது அதுதான். தாக்குபவர்களில் தேர்ந்தவர்கள் அதைவிட்டு விலகிப் போவதற்கும் இதுவே காரணம்.

செய்யக்கூடியது, மொழிக் கட்டுப்பாட்டு நிலை. எந்த நிரல் ஓடலாம் என்று விதிக்கும் ஆப்லாக்கர் அல்லது விண்டோஸ் டிஃபெண்டர் அப்ளிகேஷன் கண்ட்ரோல் (இப்போதைய பெயர் ஆப் கண்ட்ரோல் ஃபார் பிசினஸ்) வழியாக அனுமதிப் பட்டியலை அமல்படுத்தினால், பட்டியலில் உள்ள ஸ்கிரிப்டுகள் முழு உரிமையோடு ஓடும். மற்றவை கட்டுப்பாட்டு நிலையில் ஓடும். அந்த நிலையில் டாட்நெட் வகைகளையும் காம் பொருட்களையும் (விண்டோஸ் நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கூறுகள்) விருப்பப்படி அழைக்க முடியாது. நினைவகத்துக்குள் குறிநிரல் ஏற்றும் கருவிகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். சூழல் மாறியை வைத்து இந்த நிலையைக் கொண்டுவரலாம் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சோதித்துப் பார்க்க மட்டுமே, பாதுகாப்புக்கு அல்ல. உங்கள் குழுவின் ஸ்கிரிப்டுகளை நிறுவனச் சான்றிதழால் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அன்றாடப் பணி தடைபடாது. முதலில் உங்கள் சொந்த நிர்வாகக் கணினிகளில் இதைச் செய்யுங்கள். எந்த ஸ்கிரிப்ட் எங்கிருந்து ஓடுகிறது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும். ஆனால் அந்த ஊழியரை நிர்வாகிகள் குழுவிலிருந்து நீக்குவதற்கு இது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கணக்கியல் மென்பொருளுக்கு உண்மையில் தேவைப்படுவது அனேகமாக ஒரு கோப்புறையிலோ ரெஜிஸ்ட்ரிக் கிளையிலோ எழுதும் உரிமையாகத்தான் இருக்கும். அதை மட்டும் கொடுத்தால் போதும்.

ஸ்கிரிப்ட் பிளாக் பதிவைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். உங்கள் பராமரிப்பு ஸ்கிரிப்டுகளில் யாராவது கடவுச்சொல்லை நேரடியாக எழுதிவைத்திருந்தால், அது 4104 நிகழ்வில் அப்படியே விழும். பதிவைப் படிக்க உரிமை உள்ள எவரும் பார்க்கலாம். ஸ்கிரிப்டுகளிலிருந்து கடவுச்சொற்களை அகற்றுவதே சரியான வழி. அதற்குக் காலம் எடுக்கும் என்றால், பாதுகாக்கப்பட்ட நிகழ்வுப் பதிவு என்ற அமைப்பை இயக்கினால் பதிவின் உள்ளடக்கம் பொதுத் திறவுகோலால் மறையாக்கப்பட்டுச் சேமிக்கப்படும். படிப்பதற்கான தனித் திறவுகோலை அந்தக் கணினிகளில் வைக்காமல், பதிவுகளைச் சேர்க்கும் சர்வரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இந்தியாவில் இயங்குபவர் என்றால், 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் கணினிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் சொல்கிறது. அந்தச் சேமிப்பிடத்தின் அளவைக் கணக்கிடும்போது 4104 நிகழ்வுகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சர்வர்களில் அவற்றின் பெருக்கம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும்.

இரண்டாம் பதில் எழுதியவர்

இன்னொன்றும் செய்யலாம். மாற்றங்கள் முடிந்த பிறகு அதே குழுவை அழைத்து, அதே சங்கிலியை உங்கள் கண்முன்னால், நீங்கள் பதிவுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு படியாக நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மறுசோதனைக்கு இடம் இருக்கும். அது இல்லையென்றால், ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2017 முதல் திறமூலமாக வெளியிட்டுவரும் அட்டாமிக் ரெட் டீம் தொகுப்பில் மைட்டர் அட்டாக் எண் வாரியாகச் சிறு சோதனைகள் இருக்கின்றன, டி1059.001, டி1546.003 ஆகிய இரண்டுக்கும் உண்டு, பலவற்றுக்குத் துப்புரவுக் கட்டளையும் கூடவே இருக்கும். எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று, பயன்பாட்டில் இல்லாத கணினி ஒன்றில் நடத்துங்கள். ஆன்டிவைரஸ் மாற்ற வேண்டுமா என்று மேலாளர் கேட்டதற்கு, அந்தத் திரையில் எத்தனை படிகள் தெரிந்தன, எத்தனை தெரியவில்லை என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள். பவர்ஷெல் 2.0ஐ அணைத்த பிறகும், ஆம்சி இயக்கத்தில் இருக்கும்போதும், மாற்றம் செய்யப்படாத பொதுவான கருவிகளைக்கூட உங்கள் தயாரிப்பு காணவில்லை என்றால் மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை.